எழுத்துருவும் மின்சாரமும்: வன்னியில் கணினிப் பணிசெயல் முறைமைகளின் வரலாறு

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் செய்நிரல்களுக்கும் நடுவில் நின்று நினைவகம், கோப்பு, விசைப்பலகை, திரை எல்லாவற்றையும் ஆளுவது பணிசெயல் முறைமை. தமிழ்நாட்டில் இதை இயங்குதளம் என்பார்கள். எந்த முறைமையைப் போடுவது, போட்டதை எப்படித் தன் தேவைக்கு வளைத்துக்கொள்வது என்பது வசதியான நாடுகளில் விலையும் வேகமும் விருப்பமும் சார்ந்த விடயமாக இருந்தது. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் அதைத் தீர்மானித்தவை வேறு மூன்று: மின்சாரம், கைக்குக் கிடைத்த இறுவட்டு, தமிழ் எழுத்துரு. இவற்றில் எழுத்துருவுக்கே வலு அதிகம். எந்த முறைமை நல்லது என்று பார்த்து யாரும் தெரிவு செய்யவில்லை. பழகிய தமிழ் எதில் ஓடியதோ அதுவே நிலைத்தது.

வன்னியின் கிளிநொச்சி மாவட்டத்தில் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு: கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி. கண்டாவளை நெல்வயல் நிறைந்த பிரிவு. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியை விட்டுப் பரந்தன் சந்தியில் பிரியும் ஏ35 வீதி, முரசுமோட்டையையும் தருமபுரத்தையும் தொட்டுக்கொண்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகிறது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் இந்தப் பகுதிக்குக் கைத்தொழிலும் மின்சாரமும் புதியவை அல்ல. 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்ட பிறகு தேசிய மின்வலையில் இருந்து வன்னி அறுந்து போனது. உலகத்தின் மேசைகளில் கணினி ஏறிய பத்தாண்டும் வன்னி மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பத்தாண்டும் ஒன்றே.

அந்தப் பத்தாண்டுக்கு முன்னரே உலகச் சந்தையில் தெரிவு ஒருவாறு முடிந்துவிட்டது. 1981 ஓகஸ்டில் ஐபிஎம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது வாங்குபவர் விரும்பிய முறைமையைக் காசு கொடுத்துத் தெரிவு செய்யலாம். மைக்ரோசொப்ட் தந்த பிசி-டாஸ் 40 டொலர். அடுத்த ஆண்டில் வந்த சிபி/எம்-86 240 டொலர். ஆட்கள் மலிவானதை எடுத்தார்கள், செய்நிரல் எழுதுவோர் ஆட்கள் இருந்த பக்கம் போனார்கள்.

டாஸ் காலத்துக் கணினியில் தமிழைக் காட்டுவது பெரும் பாடு. திரையில் தோன்றும் எழுத்துக்களின் வடிவம் வன்பொருளோடேயே வந்தது. தமிழ் வேண்டுமென்றால் ஒன்றில் இந்தியாவின் சி-டாக் நிறுவனம் விற்ற ஜிஸ்ட் போன்ற தனி அட்டையைக் கணினிக்குள் சொருக வேண்டும், அல்லது செய்நிரலே ஒவ்வொரு எழுத்தையும் படமாக வரைந்து காட்ட வேண்டும். கனடாவில் இருந்த சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் வெளியிட்ட 'முரசு' ஆகியவை இரண்டாவது வழியில் வந்தவை. அவற்றுள் இருக்கும்வரை தமிழ்; வெளியே வந்தால் முறைமை முழுதும் ஆங்கிலம்.

1992இல் வந்த விண்டோஸ் 3.1 இந்த நிலையை மாற்றியது. ட்ரூடைப் எழுத்துருக்களை அது தன்னோடு கொண்டுவந்தது. எழுத்துருவில் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்துவிட்டால் போதும், முறைமையை ஏமாற்றிவிடலாம். அது தன் பாட்டில் ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும், திரையிலும் தாளிலும் தமிழ் வரும். சுவிற்சர்லாந்தில் இருந்து கு. கல்யாணசுந்தரம் தந்த 'மயிலை' முதல் தமிழ்நாட்டு அச்சகங்களின் எழுத்துருக்கள் வரை இந்த உத்தியில் பிறந்தவை ஏராளம். ஒவ்வொன்றிலும் எழுத்துக்களின் இருப்பிடம் வேறு வேறு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பை.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடமும் இந்தக் கூட்டத்தில் வென்றது பாமினி. அதில் 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளை அடிக்க வேண்டும். ஜே த, கே ம, பி இகர விசிறி, ஓ ழ, அரைப்புள்ளி மெய்யெழுத்தின் குற்று. 'அம்மா' எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'கெ' எழுத முதலில் என்னைத் தட்டிக் கொம்பை வைத்துவிட்டு, பிறகு எஃப்பைத் தட்டிக் ககரத்தை வைக்க வேண்டும், கையால் எழுதும் அதே வரிசையில். இந்த ஒழுங்கு தட்டச்சுப் பொறியை ஒட்டியது. தட்டச்சு மரபோ ஈழத்துக்கு அந்நியம் அல்ல: யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஆர். முத்தையாவே பிஜோ தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை அமைத்தவர். தட்டச்சு வகுப்பில் விரல் பழகியவர் கணினிக்கு மாறும்போது புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். பாமினியின் வெற்றிக்கு அதன் அழகைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஒப்பமானது. எரிபொருள், மின்கலம் முதலிய பலவற்றின் மீது பல ஆண்டுகளாக இருந்த பொருளாதாரத் தடையும் அதே காலத்தில் தளர்ந்தது. ஏ9 வீதி திறந்தது. கணினிகள் அந்த வழியாக வன்னிக்குள் வந்தன, கொழும்பில் பொருத்திய மேசைக்கணினிகளும் புலம்பெயர்ந்தோர் கொண்டுவந்த மடிக்கணினிகளுமாக. கிளிநொச்சியில் 'வன்னிரெக்' என்று அறியப்பட்ட தொழினுட்ப நிறுவனம் புலம்பெயர் தமிழரின் உதவியோடு இளைஞருக்குக் கணினி கற்பித்தது. தேசிய மின்சாரம் இன்னும் இல்லை. கணினி ஓடியது ஜெனரேட்டரில்.

ஜெனரேட்டர் மின்சாரத்தில் முறைமையின் குணம் பளிச்சென்று தெரியும். எண்ணெய் தீர்ந்து மின் திடீரென்று நின்றால், விண்டோஸ் 98 அடுத்த முறை எழும்பும்போது நீலத் திரையில் வட்டைச் சோதிக்கத் தொடங்கிவிடும். அது பயன்படுத்திய எஃப்ஏடி32 கோப்பு ஒழுங்கில், எழுதிக்கொண்டிருந்த வேலை எங்கே நின்றது என்பதற்குக் குறிப்பு கிடையாது. முழுவதையும் தேட வேண்டும், பாதி எழுதிய கோப்பு போனது போனதுதான். 2001 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி என்டிஎஃப்எஸ் ஒழுங்கைச் சாதாரண வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் பதிந்துவிட்டுச் செய்வது அதன் வழக்கம்; மின் நின்றாலும் குறிப்பைப் பார்த்து நிமிர்ந்துவிடும். லினக்ஸின் இஎக்ஸ்டி3 ஒழுங்கும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே வசதியைத் தந்தது. மின்சாரம் ஒழுங்காக வரும் ஊரில் இது நுட்ப விவரம். வன்னியில் இது அன்றாட அனுபவம். எக்ஸ்பி கேட்ட நினைவகம் குறைந்தது 64 மெகாபைட், நன்றாக ஓட 128; அது இல்லாத கணினியில் 98 தொடர்ந்து இருந்தது.

முறைமைக்குக் காசு கொடுப்பது என்ற எண்ணமே அங்கே அரிது. இலங்கை முழுவதிலும் அப்படித்தான்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பாதுகாப்புத் தந்தது, ஆனால் 2011இல் கூட நாட்டில் நிறுவப்பட்ட மென்பொருளில் 80 வீதத்துக்கு மேல் உரிமம் இல்லாதது என்று தொழில்துறை மதிப்பீடு சொன்னது. சில நூறு ரூபாய் இறுவட்டில் முறைமையும் கிடைத்தது, அலுவலகச் செய்நிரலும் கிடைத்தது, அச்சகங்கள் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரும் கிடைத்தது. இலவசம் என்பது லினக்ஸின் பெரிய கவர்ச்சியாக உலகம் பேசியபோது, இங்கே விண்டோஸும் நடைமுறையில் இலவசமாகவே இருந்தது. லினக்ஸ் வேரூன்றாததற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை, ஆனாலும் இது பாதி விளக்கம்தான்.

அந்தக் காலத்தில் கணினி திருத்துபவர் ஒருவரிடம் பெட்டி வந்தால் நடந்தது ஏறத்தாழ ஒரே சடங்கு. வன்வட்டை சி, டி என்று இரண்டாகப் பிரிப்பார். முறைமை சியில், ஆட்களின் கோப்புகள் டியில். அடுத்த முறை சியை மட்டும் போமற் பண்ணினால் படங்களும் கடிதங்களும் தப்பும். எக்ஸ்பியின் நிழலையும் மெருகையும் நிறுத்திப் பழைய சாம்பல் நிறத்துக்கு மாற்றுவார், நினைவகம் மிஞ்சும். இணையம் இல்லாத இடத்தில் தானியங்கிப் புதுப்பிப்பு வீண் என்பதால் அதையும் அணைத்துவிடுவார். பிறகு பாமினி எழுத்துருக் கோப்பை எழுத்துருக் கோப்புறைக்குள் படியெடுத்து, வேர்டைத் திறந்து ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டே கணினியைக் கையளிப்பார். எழுத்துரு இல்லாத கணினியில் பாடசாலை வினாத்தாளும் சங்கத்துக் கூட்ட அறிக்கையும் ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற தொடராகவே திறக்கும்.

புதுப்பிப்பை அணைத்ததன் விலை பென்டிரைவில் வந்தது. சொருகியவுடன் தானே ஓடும் வசதியைப் பிடித்துக்கொண்டு நச்சுநிரல்கள் கணினி விட்டுக் கணினி தாவின. சில கோப்புறைகளை மறைத்துவிட்டு அதே பெயரில் தம்மை வைத்துக்கொண்டன. இதற்கு மருந்தாக இறுவட்டில் இருந்தே எழும்பும் நொப்பிக்ஸ், உபுண்டு போன்ற லினக்ஸ் வட்டுகள் பயன்பட்டன. லினக்ஸில் எழுப்பினால் மறைந்த கோப்புறைகள் எல்லாம் தெரியும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடியும் விண்டோஸ் போடலாம். விண்டோஸைக் காப்பாற்றப் பயன்பட்ட கருவியாகவே லினக்ஸ் பலருக்கு முதலில் அறிமுகமானது என்பது வேடிக்கைதான்.

முறைமையை ஏமாற்றாமல் தமிழை எழுத வழி 2000 பெப்ரவரியில் வந்தது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கான பொதுக் குறியேற்றமான யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், அதைத் திரையில் சேர்த்துக் காட்டத் தெரிந்த முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000. லதா என்ற எழுத்துரு அதோடு வந்தது. யுனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பின்னர் எகரக் குறி என்று ஒலி வரிசையில் பதியப்படுகிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது முறைமையின் வேலை. எக்ஸ்பியில் இந்த வேலையைச் செய்யும் பகுதி முதலில் உறங்கிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிராந்திய, மொழித் தெரிவுகளைத் திறந்து, மொழிகள் பக்கத்தில் சிக்கலான வரிவடிவங்களுக்கான பெட்டியில் அடையாளமிட வேண்டும். உடனே எக்ஸ்பி இறுவட்டைக் கேட்கும். இறுவட்டு கையில் இல்லையென்றால் அதோடு சரி. தமிழ் இணையத்தளம் கட்டம் கட்டமாகத் தெரியும். 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் இந்தப் பெட்டிக்கு வேலை இல்லாமல் போனது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இலங்கையின் பெரும்பான்மை மொழியான சிங்களத்துக்கு விண்டோஸ் தானாக ஆதரவு தந்ததும் விஸ்டாவில்தான். தமிழ் அதற்கு ஏழு ஆண்டு முந்தியது, இந்தியச் சந்தையின் தயவில். ஆனால் முந்தியதன் பயன் இலங்கைத் தமிழருக்கு முழுதாகக் கிட்டவில்லை, ஏனென்றால் அந்த ஆதரவோடு வந்த விசைப்பலகை இந்தியாவின் இன்ஸ்கிரிப்ட். பாமினியில் பழகிய விரலுக்கு அது முற்றிலும் புதுப் பாடம். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 கற்க எளிது. அதுவும் இலங்கையில் பெரிதாகப் பரவவில்லை. எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற சிறு செய்நிரல்கள் இந்த இடைவெளியை அடைத்தன. முறைமைக்கும் விரலுக்கும் நடுவில் அமர்ந்து, பாமினி ஒழுங்கில் அடித்ததை யுனிகோடாக மாற்றித் தந்தவை இவை. ஏற்கெனவே அடித்துக் குவிந்திருந்தவற்றுக்குச் சுரதா யாழ்வாணனின் எழுத்துருமாற்றி கைகொடுத்தது. இலங்கை அரசு 2003இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகத்தை அமைத்தது, 2008இன் எஸ்.எல்.எஸ். 1326 தரம் தமிழுக்கு யுனிகோடையும், தட்டச்சு மரபில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகையையும் ஏற்றது. பாமினிக்காரரின் விரலை மாற்றாமல் குறியீட்டை மட்டும் மாற்றும் நியாயமான ஏற்பாடு அது.

லினக்ஸைத் தமிழாக்கும் முயற்சி 2000ஐ ஒட்டியே தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் கேடிஈ, க்னோம் மேசைத்தளங்களின் பட்டிகளையும் செய்திகளையும் தமிழில் எழுதினார்கள். யுனிகோட் அப்போது லினக்ஸிலும் முதிரவில்லை. ஆகவே தொடக்கத்தில் தமிழுக்கென்றே அமைந்த டிஸ்கி குறியேற்றத்தை நம்பினார்கள். லினக்ஸின் அடித்தள நூலகமான ஜிலிப்சிக்குள் டிஸ்கி மாற்றி இன்றும் இருப்பது அந்தக் காலத்தின் எச்சம். 2004 ஒக்டோபரில் உபுண்டு வந்தது. முகவரி கொடுத்தால் உலகின் எந்த மூலைக்கும் இலவசமாக இறுவட்டு அனுப்பும் அதன் ஏற்பாடு 2011 வரை நடந்தது. இணைய வேகம் குறைந்த நாடுகளில் உபுண்டு பரவியது பதிவிறக்கத்தால் அல்ல, தபாலால்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் அரசே களத்தில் இறங்கியது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டெம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே வன்வட்டில் மாணவர் கைக்குப் போயின. இலங்கையில் கட்டற்ற மென்பொருள் வல்லுநர்கள் குறைவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு சில வாரங்களில் கொழும்பில் எழுதப்பட்ட சஹானா, அனர்த்த முகாமைத்துவ மென்பொருளாக வேறு நாடுகளிலும் பயன்பட்டது. ஃபெடோராவை அடித்தளமாக வைத்து ஹந்தான லினக்ஸும் வந்தது. எல்காட் அளவுக்கு அரச அலுவலகங்களை மாற்றும் துணிவு மட்டும் கொழும்பில் பிறக்கவில்லை.

வன்னியில் இந்தப் பேச்செல்லாம் நடுவழியில் நின்றது. 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரியின் முதல் இரு நாளில் பரந்தனும் கிளிநொச்சியும் படையினர் வசமாயின. சனம் ஏ35 வீதி வழியே கிழக்கே தள்ளப்பட்டது. கண்டாவளையும் தருமபுரமும் வெறிச்சோடின. அந்த ஓட்டத்தில் கணினியைத் தூக்கிக்கொண்டு போனவர் எத்தனை பேர் இருக்க முடியும்? சமாதான காலத்தில் சேர்ந்த இயந்திரங்களும் அவற்றுள் இருந்த பாமினிக் கோப்புகளும் பெரும்பாலும் மண்ணோடு போயின.

மீள்குடியேற்றம் 2009 கடைசியிலும் 2010இலும் நடந்தது. போருக்குப் பின் வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு உயரழுத்த மின்வழி இழுக்கப்பட்டது. கிராமங்களுக்கு மின்கம்பங்கள் வந்தன. 2013 செப்டெம்பரில் புகையிரதமும் கிளிநொச்சிக்குத் திரும்பியது. கணினிகள் இரண்டாம் முறையாக வந்தன. பாடசாலைகளுக்கு அரசும் நிறுவனங்களும் கொடுத்தவை ஒரு பங்கு. ஐரோப்பாவில் இருந்து உறவுகள் கொண்டுவந்த பாவித்த மடிக்கணினிகள் இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கில்தான் தமிழுக்கு ஒரு விநோதச் சிக்கல் இருந்தது.

ஜெர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் விற்கும் கணினிகளில் வை, இசட் விசைகள் இடம் மாறி இருக்கும். பாமினியில் வை லகரம், இசட் ணகரம். விரல் பழக்கத்தில் அடித்தால் 'பல' என்பது 'பண' ஆகும். அதைவிட மோசம் அரைப்புள்ளி. ஆங்கில விசைப்பலகையில் வலக்கைச் சிறுவிரல் தானாகப் போய் விழும் அந்த இடத்தில் ஐரோப்பியக் கணினியில் புள்ளி வைத்த ஓ இருக்கும். தமிழில் அடிக்கடி வேண்டிய குற்று இடம் மாறிப்போனால் ஒரு சொல்லும் உருப்படாது. பிரான்ஸ் கணினியில் ஏயும் கியூவும் மாறியிருப்பதால் யகரமும் ஙகரமும் குழம்பும். மருந்து எளியது: முறைமையின் மொழித் தெரிவில் அமெரிக்க ஆங்கில விசைப்பலகையைச் சேர்த்து, விசைகளின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்க்காமல் அடிப்பது. பட்டிகளெல்லாம் ஜெர்மன் மொழியில் இருக்கும் கணினியில் அந்தத் தெரிவைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. வன்னியில் முறைமையைத் தனதாக்கிக்கொள்வது என்றால் பின்னணிப் படத்தை மாற்றுவதல்ல, இதுதான்.

பழைய இயந்திரங்கள் லினக்ஸுக்கு இன்னொரு வாசலையும் திறந்தன. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 7 ஒரு கிகாபைட் நினைவகம் கேட்டது; அது இல்லாத கணினிகளுக்கு லுபுண்டு, பப்பி போன்ற மெலிந்த லினக்ஸ்கள் பொருந்தின. க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடமும் விண்டோஸோடு லினக்ஸையும் மாணவருக்குச் சொல்லித் தருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் அமைந்த பிறகு, லினக்ஸைப் பாடத் தேவைக்காகவே நிறுவும் மாணவர் கூட்டம் ஒன்றும் மாவட்டத்துக்குள் உருவானது. அலுவலக மேசைகளுக்கு அந்தப் பழக்கம் இறங்கவில்லை. வினாத்தாளும் சுற்றறிக்கையும் பாமினியில் இருக்கும்வரை வேர்ட் வேண்டும், வேர்ட் வேண்டும்வரை விண்டோஸ் வேண்டும். பாமினிக் கோப்பை லினக்ஸிலும் எழுத்துருக் கோப்புறைக்குள் போடலாம், லிப்ரே ஒபிஸில் அது ஓடவும் செய்யும். ஆனால் பக்க அமைப்பு சற்றுக் குலைந்தாலும் அலுவலர் பொறுக்கமாட்டார்.

2022இல் ரூபாய் சரிந்தபோது புதிய கணினி எட்டாத விலைக்குப் போனது. அந்த மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின் நிறுத்தப்பட்டது. மேசைக்கணினி வைத்திருந்தவர் மின் போன நேரங்களில் கைபேசிக்குத் திரும்பினார். பள்ளிகள் மூடிய 2020இலேயே பல வீடுகளில் வகுப்பறையாக இருந்தது ஆண்ட்ராய்ட் கைபேசிதான். அதில் எழுத்துரு போட வேண்டியதில்லை, பெட்டியில் அடையாளமிட வேண்டியதில்லை. தமிழ் உள்ளேயே யுனிகோடில் இருக்கிறது. கணினியில் பாமினியை விடாத அதே ஆட்கள் கைபேசியில் யுனிகோடில் எழுதுகிறார்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. இரண்டாங்கையாக வந்த மடிக்கணினிகளில் பல இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. விண்டோஸோடு தமிழுக்கு வரும் விசைப்பலகைகள் இன்ஸ்கிரிப்டும், 2019 மே புதுப்பிப்பில் சேர்ந்த தமிழ்99, அஞ்சல் முதலியவையும். ரெங்கநாதன் வேண்டுமென்றால் தனிச் செய்நிரல் தேட வேண்டும். லினக்ஸில் ஐபஸ், எம்17என் பொதிகளை நிறுவினால் இலங்கையின் ரெங்கநாதன் ஒழுங்கு பட்டியலிலேயே இருக்கிறது. தட்டச்சு வகுப்பில் பழகிய விரலோடு நேராக யுனிகோடில் எழுதலாம்.